‘இருந்தது’ என்றால் இப்போது இல்லையா?

சாட்சிக் கூண்டில் ஒருவர் நிற்கிறார். அறைக்குள் எட்டிப் பார்த்தபோது என்ன கண்டீர்கள் என்று நீதிபதி ஆங்கிலத்தில் கேட்கிறார். மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது என்கிறார் சாட்சி. அடுத்து, ‘இட் வாஸ் இன் ரஷ்யன்’ என்கிறார். புத்தகம் ருஷ்ய மொழியில் இருந்ததாம். அவர் வாய் திறக்கும் இந்த நொடியிலும் அது ருஷ்ய மொழியில்தான் இருக்கிறது. அச்சடித்த புத்தகம் மொழி மாறுவதில்லை. பிறகு எதற்கு ‘வாஸ்’? ‘இஸ்’ என்று ஏன் சொல்லவில்லை?

இந்தக் காட்சியைக் கற்பனை செய்தவர் வொல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மானிய மொழியியலாளர். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1994இல் வெளிவந்த ‘டைம் இன் லாங்க்வேஜ்’ என்ற நூலில் இந்தச் சாட்சியை வைத்துத்தான் தன் கோட்பாட்டைத் தொடங்குகிறார். அவர் தரும் விளக்கம் எளிமையானது. நீதிபதி கேட்டது புத்தகத்தின் வரலாற்றை அல்ல, சாட்சி எட்டிப் பார்த்த சில நொடிகளை. அந்த நொடிகளுக்கு மட்டுமே சாட்சி பொறுப்பேற்றுப் பேசுகிறார். அதற்கு முன்னும் பின்னும் புத்தகம் என்ன ஆனது என்பது அவர் வாக்குமூலத்தில் கிடையாது. எந்த நேரத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அந்த நேரத்தைக் க்ளைன் ‘டாபிக் டைம்’ என்றார். தமிழில் பேசுபொருள் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருட்டறையில் டார்ச் அடிப்பது போன்றது இது. வெளிச்சம் விழுந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் பேச்சு. அலமாரி அந்த வெளிச்சத்தையும் தாண்டி நீண்டிருக்கலாம்.

க்ளைனுக்கு முன்பே இதன் விதையை ஊன்றியவர் ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவவாதி. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, இஸ்தான்புலில் சில ஆண்டுகள் கற்பித்து, கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கியவர். குறியீட்டுத் தர்க்கம் பற்றி 1947இல் அவர் எழுதிய நூலில் வினைச்சொற்களின் காலத்துக்குச் சில பக்கங்களே ஒதுக்கினார். நிகழ்ச்சி நடந்த புள்ளி, பேசும் புள்ளி என்ற இரண்டு போதாது, எங்கிருந்து பார்க்கிறோம் என்ற மூன்றாவது புள்ளியும் வேண்டும் என்பது அவர் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது புள்ளியைச் சுற்றியே நடக்கின்றன.

ஆங்கிலம் கற்கும் தமிழர் திணறுவதும் அங்கேதான் என்பது என் எண்ணம். கடிகாரத்தையும் காலண்டரையும் பார்த்து டென்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தருகிறோம். ஆங்கில வினையோ அதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்ற கேள்வி அது.

பன்னிரண்டு கட்டங்கள்

நம் வகுப்பறைகளில் டென்ஸ் என்றால் ஓர் அட்டவணை. மேலிருந்து கீழாக பிரசன்ட், பாஸ்ட், ஃப்யூச்சர். இடமிருந்து வலமாக சிம்பிள், கன்டினியூஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூஸ். மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. தலைமுறைகளாகப் புழங்கிவரும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்திலிருந்து தெருமுனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் கரும்பலகை வரை இதே கட்டங்கள்தான். (இந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய அதே பி. சி. ரென். நாவலின் வாசகர்களைவிட இலக்கணத்தின் வாசகர்கள் நம் நாட்டில் பல மடங்கு அதிகம்.)

அட்டவணை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்கு எத்தனை காலம் என்பதில் இலக்கணக்காரர்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. 1653இல் லத்தீனில் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜான் வாலிஸ், இரண்டே காலம்தான் என்றார். அவர் அடிப்படையில் கணித அறிஞர். முடிவிலியைக் குறிக்க, படுத்துக்கிடக்கும் எட்டுப் போன்ற குறியைக் கணிதத்துக்குத் தந்தவர் அவர்தான். 1795இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பாடப்புத்தகமாக விற்றுத்தீர்ந்தது. அதில் காலங்கள் ஆறு. லத்தீனில் ஆறு இருந்ததால் ஆங்கிலத்திலும் ஆறு. 1985இல் ராண்டால்ஃப் குவெர்க்கும் அவர் தோழர்களும் வெளியிட்ட பெரிய இலக்கணம் மறுபடி இரண்டுக்கே திரும்பியது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்திலும் எதிர்காலம் என்று தனியாக ஒரு காலம் கிடையாது.

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ‘வாக்’ என்ற வினை ‘வாக்ட்’ என்று உருமாறும். மூன்றாவதாக எதிர்காலத்துக்கென்று ஓர் உரு அதற்கு இல்லை. ‘வில்’ என்பது ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றின் கூட்டாளி. பேசுபவரின் கணிப்பையும் உறுதியையும் சொல்வதுதான் அதன் வேலை. வாசல் மணி அடிக்கிறது. ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’ என்கிறார் வீட்டுக்காரர். தபால்காரர் நாளைக்கு வரப்போவதில்லை, இப்போது வாசலில் நிற்கிறார். தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ‘அப்பா இந்நேரம் ஆபீஸில் இருப்பார்’ என்கிறோம். வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இப்போதைய ஊகம். ‘அந்தக் காலத்தில் தாத்தா தினமும் ஆற்றில் குளிப்பார்’ என்றும் சொல்கிறோம். இறந்துபோன தாத்தாவின் வழக்கத்தை எதிர்கால வினையால் சொல்வது நமக்கு இயல்பு. ஆங்கிலம் இதே இடத்தில் ‘வுட்’ போடும்.

உண்மையில் நம் இலக்கண மரபு இதை மிக முன்பே கவனித்திருக்கிறது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று காலத்தை மூன்றாக வகுத்த தொல்காப்பியமே, விரைவைக் காட்ட வரவிருக்கும் செயலை இறந்த காலத்தால் சொல்லலாம் என்று இடம் விடுகிறது. நன்னூலும் இதற்கு வழி செய்திருக்கிறது. வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே கைபேசியில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறவர் எல்லோரும் அந்தச் சூத்திரத்தின் பயனாளிகள். ஆனால் அதே ஆள் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்ததும், வினையின் காலமும் கடிகாரத்தின் காலமும் ஒன்று என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்.

பன்னிரண்டு கட்டங்களும் சம அளவில் புழங்குவதும் இல்லை. டக்ளஸ் பைபரும் மற்றவர்களும் ஏறக்குறைய 4 கோடிச் சொற்கள் கொண்ட பேச்சையும் எழுத்தையும் கணினியில் அலசி, 1999இல் லாங்மன் வெளியீடாக ஓர் இலக்கணம் கொண்டுவந்தார்கள். ஆங்கில வினைத்தொடர்களில் சுமார் 90 சதவீதம் சிம்பிள் வடிவங்களே என்று அதில் தெரிந்தது. பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தேர்வுக்கு முதல் நாள் மாணவர் மனப்பாடம் செய்யும் ‘வில் ஹேவ் பீன் ரைட்டிங்’ என்ற வடிவத்தை வாழ்நாள் முழுக்க ஒரு தடவையும் பயன்படுத்தாமல் நல்ல ஆங்கிலம் எழுதிவிட முடியும்.

வினையே இல்லாத இடம்

‘அவர் டாக்டர்.’ ‘இது ருஷ்யப் புத்தகம்.’ ‘என் தாத்தா பெயர் முருகேசன்.’ மூன்றும் முழுத் தமிழ் வாக்கியங்கள், ஒன்றிலும் வினை கிடையாது. வினை இல்லாததால் காலமும் இல்லை. தாத்தா உயிரோடு இருக்கிறாரா, டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டாரா என்பதை வாக்கியம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’, இரண்டில் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். தாத்தா காலமாகிவிட்டார் என்றால் ‘ஹிஸ் நேம் வாஸ்’ என்பதுதான் வழக்கம். பெயர் மாறிவிடவில்லை, அந்த மனிதரைப் பற்றிய பேச்சு முடிந்துபோன ஒரு நேரத்துக்குப் போய்விட்டது. நேர்காணல்களில் நம்மவர் பலர் மறைந்த தந்தையைப் பற்றி ‘மை ஃபாதர் இஸ் எ டீச்சர்’ என்று சொல்லக் கேட்கலாம். கேட்பவர் அவர் உயிரோடு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார். இலக்கணப் பயிற்சி நூல்கள் இந்த இடத்துக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. பிழை என்று அவை எண்ணும் எதிலும் இது சேராததால் இருக்கலாம்.

நேற்றை ஏற்காத ‘ஹேவ்’

மிகப் பெரிய குழப்பம் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில். ‘ஐ லாஸ்ட் மை கீ’, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாவி தொலைந்த நேரத்தில் இல்லை. ஐந்து நிமிடம் முன்பு தொலைந்ததற்கு முதல் வாக்கியத்தையும் ஐந்து நாள் முன்பு தொலைந்ததற்கு இரண்டாவதையும் சொல்லலாம். முதலாவது நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, இப்போது வாசலில் நிற்கும் என் நிலைமையைச் சொல்கிறது. கதவு இன்னும் திறக்கவில்லை என்பது அதில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இரண்டாவதோடு ‘எஸ்டர்டே’ சேராது. பேச்சு இன்றைப் பற்றியது, நேற்றுக்கு அங்கே வேலை இல்லை.

இது ஆங்கிலத்தின் கண்டிப்பு. ஜெர்மனும் பிரெஞ்சும் இதே மாதிரி ஒரு துணைவினையைச் சேர்த்துத்தான் இந்த வடிவத்தை உண்டாக்குகின்றன. ஆனால் அவற்றில் ‘நேற்று’ தாராளமாக வரும். பேச்சு வழக்கில் இந்த வடிவம் பழைய இறந்த கால வடிவத்தை ஏறக்குறைய விழுங்கியே விட்டது. ஆங்கிலம் ஏன் நின்றுவிட்டது? க்ளைன் 1992இல் இந்தப் புதிருக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். பேசுபொருள் நேரத்தையும் நிகழ்ச்சி நேரத்தையும் ஒரே வினையில் இரண்டு ஆணிகளாக அடித்து நிறுத்த ஆங்கிலம் விடுவதில்லை என்பது அவர் கருத்து. இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். விவாதம் ஓயவில்லை.

தமிழருக்கு இந்த இடம் வழுக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காலையில் வாசல் ஈரமாகக் கிடக்கிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை யாரும் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். ‘இருக்கிறது’ என்ற துணைவினை இங்கே தடயத்தைக் காட்டுகிறது. ‘ராத்திரி’ என்ற நேரச் சொல்லோடு அதற்கு எந்தப் பகையும் இல்லை. ‘போன வருஷம் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’ என்பதும் நமக்கு உறுத்தாது, அது அனுபவத்தைச் சொல்கிறது. இவற்றை அப்படியே தூக்கி ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’, ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி லாஸ்ட் இயர்’ என்று வைத்தால் ஆங்கிலக் காது துள்ளும். ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்றால் சரி, ஊகத்தின் பாரத்தை அங்கே ‘மஸ்ட்’ சுமக்கிறது. இது மாணவரின் கவனக்குறைவு அல்ல. தமிழின் ஒரு வடிவம் பல வேலை பார்க்கிறது, ஆங்கிலத்தின் ஒரு வடிவம் அவற்றில் ஒன்றிரண்டைத்தான் பார்க்கிறது. ‘எழுதியிருக்கிறேன் என்றால் ஹேவ் ரிட்டன்’ என்று நேர்க்கோடு போட்டுக் கற்பிக்கும் வரை இந்தப் பிழை தீராது.

இந்தக் கண்டிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட நோம் சாம்ஸ்கி காலத்திலிருந்து மொழியியலாளர்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்’ என்பது காதுக்கு ஒட்டவில்லை. ஐன்ஸ்டைன் 1955இல் இறந்துவிட்டார், அவரைப் பற்றிய பேச்சு இப்போது வரை நீள முடியாது. அதையே திருப்பிப்போட்டு, பிரின்ஸ்டனுக்கு ஐன்ஸ்டைன் வந்திருக்கிறார் என்ற பொருளில் பிரின்ஸ்டனை எழுவாயாக்கினால் குறை மறைகிறது. நிகழ்ச்சி அதேதான். ஆனால் ஊர் இன்னும் இருக்கிறது, பேச்சு ஊரைப் பற்றியதாகிவிட்டது.

செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்த நகர்வு பழக்கமானது, பெயர்தான் தெரியாது. அமைச்சர் ராஜினாமா செய்தார் என்ற செய்தியின் முதல் வரி ‘ஹேஸ் ரிசைன்ட்’ என்று வரும். இரண்டாவது வரியிலேயே ‘நேற்றிரவு கடிதம் கொடுத்தார்’ என்று ‘ஹேண்டட்’ வந்துவிடும். முதல் வரி நாட்டின் இன்றைய நிலையைச் சொல்கிறது, இரண்டாவது வரி நேற்றிரவுக்குள் நுழைகிறது. இதே இடத்தில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் பிரிகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதற்கு லண்டனில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்கள், சிகாகோவில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ போதும். நம் பள்ளிகள் முதலாவதைக் கற்பித்து இரண்டாவதைப் பிழை என்கின்றன. பிழை இல்லை, வேறு ஊர்.

‘ஐ ஆம் நோயிங்’

இந்தியர் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் தீனி ‘இங்’. நிசிம் எசக்கியேல், ‘மிஸ் புஷ்பா டி. எஸ்.’க்கு நடக்கும் பிரிவு உபசார விழாவை வைத்து எழுதிய கவிதை முழுக்க இந்த ‘இங்’கின் மேல்தான் சவாரி செய்கிறது. சிரிப்பைத் தாண்டிப் பார்த்தால் காரணம் தெளிவு. ‘என்ன செய்கிறாய்?’ என்ற தமிழ்க் கேள்வி, இந்த நிமிடம் கையில் என்ன வேலை என்றும் பிழைப்புக்கு என்ன வேலை என்றும் இரண்டு பொருளும் தரும். ‘கிறு’ இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘ஐ கம் ஃப்ரம் மதுரை’ என்றால் சொந்த ஊர் மதுரை. ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை’ என்றால் இப்போது மதுரையிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன், கால் கழுவ வேண்டும்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜினோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நான்கு குணங்களாகப் பிரித்தார். நிலை, செயல், முடிவை நோக்கிப் போகும் செயல், ஒரு நொடியில் முடிந்துவிடும் நிகழ்வு. ‘நோ’ என்பது நிலை. அதற்குத் தொடக்கமும் நடுவும் இறுதியும் கொண்ட ஓட்டம் இல்லாததால் ‘இங்’ உள்ளே புக இடமில்லை என்பது பாடப்புத்தக விளக்கம். ஆனால் விதி இறுகிப்போனது அல்ல. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ‘ஐ ஆம் வான்ட்டிங்’ என்பது சாதாரணப் பேச்சு. ஓர் அமெரிக்க உணவக நிறுவனம் 2003 முதல் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்றே உலகம் முழுக்க விளம்பரம் செய்கிறது. அந்த வாசகத்தைப் பார்த்து யாரும் அதன் முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லவில்லை.

‘இங்’கின் வரலாறே இப்படிப்பட்ட சண்டைகளால் ஆனது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றார்கள். ‘இஸ் பீயிங் பில்ட்’ என்ற புது வடிவம் தலைகாட்டியபோது படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அமெரிக்க விமரிசகர் ரிச்சர்ட் கிராண்ட் வைட், 1870இல் வெளியான தன் நூலில் அதைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இன்று அவர் ஆதரித்த வடிவத்தை மாணவர் எழுதினால் சிவப்பு மை பாயும்.

பிறர் கூற்றைச் சொல்லும் வாக்கியங்களை விரிவாகப் பேசப் போவதில்லை. ‘ராஜினாமா செய்வேன் என்றார்’ என்று தமிழ் அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே ‘என்று’ போட்டு நிறுத்துகிறது. ஆங்கிலம் அதை அறிவிப்பவரின் இடத்துக்கு இழுத்து ‘வுட் ரிசைன்’ ஆக்குகிறது. இதிலும் ஆள்வது பார்க்கும் இடம்தான்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் நம் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘இந்த உப்பு வேர் வளர்ச்சியைக் குறைத்தது’ என்று ‘ரெட்யூஸ்ட்’ போட்டால், நான் செய்த சோதனையில், அந்தத் தொட்டிகளில், அப்போது கண்டதைச் சொல்கிறேன். ‘ரெட்யூசஸ்’ என்றால் எங்கும் எப்போதும் இப்படித்தான் என்று உலகத்துக்கே உத்தரவாதம் கொடுக்கிறேன். ஓர் எழுத்து மாற்றத்தில் கூற்றின் அளவு மாறுகிறது. நெறியாளர்கள் இதை மொழித் திருத்தமாக நினைத்து, ஆங்கிலம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிக்கொள் என்கிறார்கள். இது அறிவியல் திருத்தம்.

நீதிமன்றத்தில் டென்ஸ்

பேசுபொருள் நேரம் என்பது ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பவர்கள் 1998ஆம் ஆண்டின் வாஷிங்டனை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஜனவரி 21ஆம் தேதி, அமெரிக்க அதிபர் பில் கிளின்டனைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜிம் லெரர் பேட்டி கண்டார். வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியில் இருந்த பெண்ணுடன் தகாத உறவு இருந்ததா என்பதுதான் கேள்வி. லெரர் இறந்த காலத்தில் கேட்டார். கிளின்டன் ‘தேர் இஸ் நாட்’ என்று நிகழ்காலத்தில் பதில் சொன்னார். செய்தியாளர்கள் அன்றே அந்த ‘இஸ்’ஸைக் கவனித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதி பெரு நடுவர் குழுவின் முன் அவர் வாக்குமூலம் கொடுத்தபோது, அவருடைய வழக்கறிஞர் முன்பு ‘இஸ்’ போட்டுச் சொன்ன ஒரு மறுப்பைப் பற்றிக் கேட்டார்கள். ‘இஸ்’ என்ற சொல்லின் பொருள் என்ன என்பதைப் பொறுத்தது அது என்றார் கிளின்டன். இப்போதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று பொருள் கொண்டால் அது வேறு, இப்போது இல்லை என்று மட்டும் கொண்டால் அது முழு உண்மை.

உலகம் சிரித்தது. இரவு நேர நகைச்சுவையாளர்களுக்கு ஆண்டு முழுக்க வேலை கிடைத்தது. ஆனால் இலக்கணமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. ‘இஸ்’ இன்றைக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. ‘ஹேஸ் நெவர் பீன்’ என்றால் கடந்த காலத்திலிருந்து இன்று வரை முழுக்கப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். கேள்வி ஒரு நேரத்தைப் பற்றியது, பதில் வேறு நேரத்தைப் பற்றியது. ஏமாற்று அந்த இடைவெளியில்தான் நடந்தது, வினைச்சொல்லில் அல்ல.

அமெரிக்க உச்ச நீதிமன்றமே டென்ஸை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் தங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் 2006 ஜூலை 27இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் ‘டிராவல்ஸ்’, பிறகு பதிவு செய்யத் தவறுகிறார் என்றால் குற்றம். அலபாமாவிலிருந்து இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர்மேல் வழக்குப் போட்டார்கள். அவர் குடிபெயர்ந்ததோ சட்டம் வருவதற்கு முன்பு. 2010இல் ஆறு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள். ‘டிராவல்ஸ்’ என்ற நிகழ்கால வினை முன்னோக்கித்தான் பார்க்கும், முடிந்துபோன பயணத்தைத் தொடாது என்று நீதிபதி சோனியா சோட்டோமயர் எழுதினார். சட்டச் சொற்களில் நிகழ்காலம் எதிர்காலத்தையும் உள்ளடக்கும் என்று அமெரிக்காவில் ஒரு பொதுச் சட்டமே இருக்கிறது, இறந்த காலத்தை அது குறிப்பிடவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மூவர் மறுத்தார்கள். அவர்கள் சார்பில் எழுதிய சாமுவேல் அலிட்டோவின் வாதமும் லேசானதல்ல. சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் எழுதுவது தொழில் வழக்கம், குற்றம் முழுமை பெறும் நொடியில் நின்று அதைப் படிக்க வேண்டும், அங்கிருந்து பார்த்தால் அதற்கு முந்தைய பயணமும் அதில் அடங்கும் என்றார். ஒன்பது நீதிபதிகள் வாதாடியது ரைக்கன்பாக்கின் மூன்றாவது புள்ளியை எங்கே வைப்பது என்பது பற்றி.

இதைவிடப் பெரிய விளைவு உண்டாக்கியது 1987ஆம் ஆண்டு வழக்கு. வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்மித்ஃபீல்டு என்ற ஊர். பேகன் ஆற்றங்கரையில் க்வால்ட்னி என்ற நிறுவனத்தின் இறைச்சிப் பதப்படுத்தும் ஆலை இருந்தது. உரிமத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் குளோரினும் நைட்ரஜன் கழிவும் ஆற்றில் கலப்பதாக 1981 முதல் 1984 வரை ஆலையின் பதிவேடுகளே காட்டின. ஆலை புதுக் கருவிகளைப் பொருத்தியது. கடைசி மீறல் பதிவானது 1984 மே மாதம். ஜூன் மாதம் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றம் 12,85,322 டாலர் அபராதம் விதித்தது.

1972ஆம் ஆண்டின் நீர்த் தூய்மைச் சட்டம், விதியை மீறியவர்மேல் சாதாரணக் குடிமகனும் வழக்குப் போடலாம் என்கிறது. ஆனால் அதில் உள்ள சொற்றொடர் ‘டு பி இன் வயலேஷன்’. மீறிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவர் என்று பொருள். மே மாதம் நிறுத்திவிட்டவர் ஜூன் மாதம் ‘மீறும் நிலையில் இருப்பவர்’ ஆவாரா? தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், சிவில் உரிமைப் போராட்டத்தின் மாபெரும் வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர். ஆலைகளின் நண்பர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இருந்தும், முழுக்க முடிந்துபோன மீறலுக்குக் குடிமக்கள் வழக்குப் போட முடியாது என்று அவர் முடிவு செய்தார். மீறல் தொடர்கிறது அல்லது விட்டுவிட்டு நடக்கிறது என்று நம்பத்தக்க முறையில் குற்றம்சாட்ட வேண்டும். ‘டு ஹேவ் வயலேட்டட்’ என்று நாடாளுமன்றம் எழுதியிருக்கலாம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்தச் சொற்றொடரை அது எடுக்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1990இல் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் மார்ஷல் காட்டிய சொற்றொடரை எடுத்துச் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் குடிமக்கள் வழக்குப் பிரிவு இப்போது ‘டு ஹேவ் வயலேட்டட்’ என்பதையும் ‘டு பி இன் வயலேஷன்’ என்பதையும் நடுவில் ‘ஆர்’ போட்டு அடுத்தடுத்து வைத்திருக்கிறது. முடிந்துபோன மீறல் என்றால் அது ஒரு தடவைக்கு மேல் நடந்ததற்குச் சான்று வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கூடவே உண்டு. நீர்த் தூய்மைச் சட்டத்தின் அதே பிரிவை யாரும் தொடவில்லை. ஆகவே, பலமுறை விதியை மீறிவிட்டு வழக்கு வருவதற்கு முன் அடியோடு நிறுத்திக்கொண்ட ஓர் அமெரிக்க ஆலையின்மேல், அதன் புகைபோக்கிக்காக அக்கம்பக்கத்துக்காரர் வழக்குப் போடலாம், கழிவுக் குழாய்க்காகப் போட முடியாது.